அம்மன் படத்தடியில் இருந்த மாத்திரை டப்பா

ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. குழாயடியில் நின்றாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். "ஏக்கா, பூனையால வந்த காய்ச்சலாமே, நெசமா?" ஆமாம் என்று சொன்னால் அது பூனைக்குச் செய்கிற பாவம். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். நின்ற இடத்தில் பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியை அவர்களே முடித்துக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் முழுதாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கன்குடி மாரியம்மன் சாட்சியாக நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தூருக்குப் பக்கம். வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். நான் வீட்டில் இருந்தபடியே வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களைச் சுற்றிக் கொடுக்கிறேன். இதில் வெடிமருந்து கிடையாது. காகிதமும் மைதாப் பசையும்தான். பசை இருந்தால் எலி வரும். பசையில் மயில்துத்தம் கலந்தால் எலி அண்டாது. ஆனால் நம் விரலிடுக்கு புண்ணாகிவிடும். அதனால் துத்தத்தைக் குறைத்துக்கொண்டு பூனை வளர்ப்போம். எங்கள் பூனைக்குப் பெயர் மத்தாப்பு. கறுப்பு உடம்பில் அங்கங்கே மஞ்சளாகப் பொறி தெறித்த மாதிரி இருக்கும். என் மகள் முத்துமாரி வைத்த பெயர். அவளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, பகல் முழுக்க வீட்டில் எனக்குத் துணை மத்தாப்புதான்.

இப்போது டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபாவளி சீசனில் எங்கள் பக்கம் யாரும் காய்ச்சலுக்குப் படுப்பதில்லை. மருந்துக்கடைக்குப் போய் "காய்ச்சலுக்குக் குடுங்க" என்றால் கேப்சூல் தருவார்கள். இரண்டு நாளில் உடம்பு தேறிவிடும். தேறியதும் நிறுத்திவிடுவோம். மிஞ்சியதை எறிய மனசு வராது. சோற்றை எறிந்தால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். உயிரைக் காக்கிற மருந்தும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு பழைய லேகிய டப்பாவில் போட்டு அம்மன் படத்துக்குக் கீழே, திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். யாருக்கு என்ன வந்தாலும் அம்மனைக் கும்பிட்டு அதில் ஒன்றை எடுத்துப் போடுவோம்.

மத்தாப்புக்கும் அதே டப்பாதான். பசையை நக்கிவிட்டு அதற்கு அடிக்கடி வயிற்றாலே போகும். கேப்சூலைப் பிரித்து, பொடியில் பாதியைக் கருவாட்டுச் சோற்றில் பிசைந்து வைப்பேன். நின்றுவிட்டால் நானும் நிறுத்திவிடுவேன். இரண்டு வருசமாக இப்படித்தான் செய்தேன். வாயில்லாத ஜீவனுக்குப் புண்ணியம் செய்கிறோம் என்றே இருந்தேன்.

இந்த ஆவணியில் முத்துமாரிக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை. தீபாவளி கழிந்து வளைகாப்பு நடத்தி, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவதாகப் பேச்சு. அவள் வருவதற்குள் ஆர்டரை முடித்துவிட வேண்டும் என்று காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதைப் பெண்கள் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் நீர் எரிச்சல். வெளியே சொல்ல வெட்கப்பட்டு டப்பாவில் இருந்து இரண்டு நாள் கேப்சூல் போட்டேன். அடங்கின மாதிரி இருந்தது. நாலாம் நாள் முதுகில், விலாவுக்குக் கீழே, கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி வலி. பிறகு குளிர். சாதாரணக் குளிர் இல்லை. பல் அடித்துக்கொண்டதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலைக்குக் கிளம்பின என் வீட்டுக்காரர், சாப்பாட்டுத் தூக்கை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் ஒரு போர்வையைச் சுற்றிவிட்டாள். அது மத்தாப்பு படுக்கிற போர்வை. அவசரத்தில் யார் பார்த்தார்கள்?

விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீர்ப்பையில் இருந்த கிருமி மேலே ஏறி சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்று பெரிய டாக்டர் சொன்னார். சிறுநீரைப் பிடித்து 'கல்ச்சர்' பார்க்க அனுப்பினார்கள். அதாவது, அதில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பது. முடிவு தெரிய மூன்று நாள் ஆகும். அதுவரை வழக்கமான ஊசியைப் போட்டார்கள். அந்த மூன்று நாளும் காய்ச்சல் இறங்கவேயில்லை. டாக்டர் வந்து வயிற்றை அமுக்குவார், அட்டையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டார். கதவு சாத்தவில்லை.

"ஊசி கேட்கல அண்ணாச்சி. ரத்தத்துல கலந்துருச்சுன்னா சிரமம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க."

இவர் உள்ளே வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையை வாரிவிட ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் அவர் என் தலையைத் தொட்டு வாரினதில்லை. பெட்டிக்குச் சணல் கட்டின கை. முடி பிய்ந்து வந்தது.

"ஏ சுப்பு, வலிக்குதா?"

"வாருறீகளா, பிடுங்குறீகளா?" என்றேன். சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போது நான் நேர்ந்துகொண்டேன். 'தாயே, முத்துமாரி பிள்ளையை நான் கையில் வாங்க வேண்டும். அதுவரைக்குமாவது விடு. உன் சன்னதியில் வயிற்றில் மாவிளக்கு வைக்கிறேன்.'

மறுநாள் காலையில் ரிப்போர்ட் வந்தது. இளவயது டாக்டரம்மா ஒருத்தர் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். லேபில் கிருமி பார்க்கிறவர். வரிசையாக மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்றே போனது. கடைசியில் இரண்டே இரண்டு எஸ். இரண்டும் நரம்பில் போடுகிற விலை கூடிய ஊசிகள்.

"இது எல்லார் குடல்லயும் இருக்கிற கிருமிதாம்மா. ஆனா உங்ககிட்ட இருக்கிறது மருந்தெல்லாம் பார்த்துப் பழகின கிருமி. அரைகுறையா மருந்து குடுத்தா, பலவீனமானது செத்துப்போகும், தாங்கினது மட்டும் தங்கிப் பெருகும். அதுக்கப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது" என்றார்.

அன்றைக்கே புது ஊசி ஆரம்பித்தது. ஊசிச் செலவுக்கு அடகு வைக்க என் தோட்டைக் கழற்றி இவரிடம் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டாம் நாள் சாயங்காலம் நெற்றி வேர்த்தது. காய்ச்சல் விடுகிற வேர்வை. அந்த ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே கிடந்தேன்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது என் போர்வையில் இருந்து ஒரு மஞ்சள் முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வீட்ல பூனை இருக்கா?"

இருக்கிறது என்றேன். அதற்கு மருந்து கொடுத்ததுண்டா என்று கேட்டார். டப்பாவைப் பற்றிப் பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் மாறியது. அதன் மலம் கொஞ்சம் கிடைக்குமா, சோதித்துப் பார்க்க வேண்டும், காசு வேண்டாம் என்றார். இரண்டு டப்பாக்கள் கொடுத்தார், ஒன்றுக்குள் ஒன்று வைத்து மூட.

என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்த கதையைக் கேட்டு வார்டே சிரித்தது. மஞ்சள் பையில் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு சாத்தூரில் பஸ் ஏறியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், "என்ன அண்ணாச்சி, சேவா? அம்புட்டு பத்திரமா வச்சிருக்கீக?" என்று கேட்டிருக்கிறார். சாத்தூர்க் காராச்சேவு என்று நினைத்துவிட்டார்.

"நீங்க என்னங்க சொன்னீக?"

"ஆஸ்பத்திரி டாக்டருக்குன்னு சொன்னேன். 'டாக்டருக்கும் நம்ம ஊர்ச் சரக்கு பிடிச்சிருக்கு பாரு'ன்னான். எத்தனையோ லோடு ஏத்தியிருக்கேன் சுப்பு, இப்படி ஒரு பார்சல் கொண்டாந்ததில்ல."

சில நாள் கழித்து டாக்டரம்மா என்னை லேப் ஜன்னல் வரை நடத்திக் கூட்டிப்போய், இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். தட்டில் மெல்லிய பாசி படர்ந்த மாதிரி இருந்தது. அதுதான் கிருமி. அதன்மேல் சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்கிறது. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றித் தரைச்சக்கரம் சுற்றின மாதிரி வெறும் வட்டம் விழும். என் தட்டில் இரண்டு பொட்டுக்குத்தான் வட்டம். மற்றப் பொட்டுகளை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. பக்கத்துத் தட்டு மத்தாப்புடையது. அதிலும் அதே இரண்டு வட்டம்.

"அப்ப பூனைதான் எனக்குக் குடுத்துச்சாம்மா?"

"ரெண்டும் ஒரே கிருமிதான்னு உறுதியாச் சொல்ல இன்னும் பெரிய சோதனை வேணும். ஒண்ணாவே இருந்தாலும், அது உங்களுக்குக் குடுத்ததா, நீங்க அதுக்குக் குடுத்தீங்களான்னு சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே டப்பாதானே?" என்றார். பிறகு, "எப்படிக் குழாய் சுத்துவீங்க? காட்டுங்க" என்றார்.

மேசையில் கிடந்த வெள்ளைத் தாள்களை எடுத்தேன். இருபது வருசப் பழக்கம். விரலை நாக்கில் தொட்டு, ஒரு தாளைப் பிரித்து எடுத்தேன்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"தாளைப் பிரிச்சேன்."

"அதுக்கு முந்தி?"

நான் விரலைப் பார்த்தேன். மத்தாப்பு அசிங்கம் செய்த இடத்தைக் கழிவுக் காகிதத்தால் அள்ளிப் போட்டுவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, இதே விரலை எத்தனை ஆயிரம் தடவை நாக்கில் வைத்திருப்பேன்! தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற ஊர். குடிக்கவும் பொங்கவும் போகத்தான் கைக்கு. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. குழாயில் சோப்புப் போட்டுத் தன் கையைக் கழுவிக் காட்டினார், சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி.

விஷயம் சாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. இவர்தான் மருமகனிடம் போனில் சொல்லியிருக்கிறார். சம்பந்தி பேச்சியம்மாள் மதினி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். நல்ல மனுஷி. நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்:

"தப்பா நினைக்காதீக மதினி. அந்தப் பூனை இருக்கிற வீட்டுக்கு என் மருமகளைப் பிள்ளைப்பேறுக்கு அனுப்ப மாட்டேன். பச்சைப் பிள்ளைக்கு இந்தக் கிருமி வந்தா எந்த ஊசிக்குப் போவோம்?"

நியாயம்தானே? இவருக்குக் கோபம் பூனைமேல் திரும்பியது. மறுநாள் விடியலில் மத்தாப்பைச் சாக்கில் கட்டி, கம்பெனி வேனில் கொண்டுபோய் ஏழாயிரம்பண்ணைக் காட்டில் விட்டுவிட்டு வந்தார். என்னிடம் சொல்லவில்லை. நான்தான் அவர் முன்கையில் பூனை பிறாண்டின கோடுகளைப் பார்த்துக் கேட்டேன்.

"விட்டுட்டேன். மகள் வரணுமா, பூனை வேணுமா?" என்று சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மொத்தம் பதினாறு நாள். ஊசி முடியும் முன்னே உடம்பு நன்றாகிவிட்டது. பழைய புத்தி, "போதும் டாக்டர், வீட்டுக்கு விடுங்க" என்றுகூடக் கேட்டேன். "கடைசி ஊசி வரைக்கும் போடணும்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பதினாறு நாளும் என் ஆர்டர் நின்றுவிடவில்லை. ராக்கம்மாளும் தெருவில் இன்னும் நாலு பேரும், தங்கள் குழாயை முடித்துவிட்டு என்னுடையதையும் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து இவர் சொன்னபோது, ஊசி போட்ட கையாலேயே அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு விடுகிற அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "பூனையைத்தான் விரட்டியாச்சே, இனி என் மக வரலாம்லம்மா?"

அவர் சொன்னார். "சிறுநீர்ல இப்ப கிருமி இல்ல. ஆனா உங்க குடல்ல அது இன்னும் இருக்கலாம். சில பேருக்கு மாசக்கணக்கில இருக்கும். உங்களை ஒண்ணும் செய்யாது. மத்தவங்களுக்குப் போகாம இருக்கிறது உங்க கையிலதான் இருக்கு. கழிப்பறை போனா, சமைக்கிறதுக்கு முன்னாடி, பிள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவணும். அவ்வளவுதான். பூனைக்கும் அதே கணக்குதான்."

பஸ் சாத்தூர் தாண்டியதும் நான் கேட்டேன்:

"பூனை வயித்துல இருக்குன்னு சாக்குல கட்டிக் கொண்டுபோய் விட்டீக. என் வயித்துலயும் இருக்காம். என்னைய எந்தச் சாக்குல கட்டுவீக?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் வேலைக்குப் போகும்போது ஒரு கருவாட்டுத் துண்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள், வேலை விட்டதும் காட்டு வேலிப்பக்கம் "மத்தாப்பு, மத்தாப்பு" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். வேனுக்கு நின்ற பெண்கள் விடுவார்களா? "அண்ணாச்சி, மத்தாப்பு வேணும்னா குடோனுக்குள்ள பாருங்க, காட்டுல ஏன் தேடுறீக?" என்று சிரித்திருக்கிறார்கள். நாலாம் நாள் கம்பெனி வாட்ச்மேன் கொட்டகையில், அது அவருடைய சோற்றில் பங்கு வாங்கித் தின்றுகொண்டிருந்ததாம். அதே சாக்கில் வீடு வந்து சேர்ந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் வரவில்லை. இரண்டு நாள் பரண்மேலேயே இருந்தது. கோபிக்க அதற்கு உரிமை உண்டு.

இனி மதினிக்கு என்ன சொல்வது? "பூனையை விட்டாச்சுன்னு மட்டும் சொல்லு. மகள் வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்றார் இவர். எனக்கும் ஆசைதான். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாவிட்டால் ஊர் என்ன பேசும்? ஆனால் அம்மனிடம் விளக்கு நேர்ந்துவிட்டு, அந்த வாயாலேயே பொய் சொல்லி மகளைக் கூட்டிவர மனசு ஒப்பவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு நானே சாத்தூருக்குப் போனேன்.

முத்துமாரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எம்மா, எப்படி இளைச்சிட்ட!" தூரத்திலேயே நிறுத்தினேன். முதலில் மதினியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூனை திரும்பி வந்துவிட்டது, கிருமி அதனிடம் மட்டுமில்லை, என் குடலிலும் இருக்கலாம், டாக்டர் சொன்ன முறை இது என்று எதையும் ஒளிக்கவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினேன். சிவப்பும் கறுப்புமாக, மஞ்சளாக, வெள்ளையாக, பாதி பாதி அட்டைகள்.

"இதுதான் மதினி நான் செஞ்ச தப்பு. பூனை என்ன கடைக்குப் போயா வாங்கித் தின்னுச்சு? இனி நீங்க அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டாலும் சரி."

மதினி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து சாமி அறைக்குள் போனார்கள். அனுப்ப மாட்டேன் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்து, நான் பையை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தவர்கள் கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்து என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதிலும் பாதி பாதி அட்டைகள்.

"போன மாசம் ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சலுக்கு இதைத்தான் கரைச்சு ஊத்தினேன்" என்றார்கள். "உங்க மகளுக்குச் சளி பிடிச்சப்பவும் இதுல இருந்துதான் ரெண்டு குடுத்தேன்."

முத்துமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப என்னைய ரெண்டு வீட்டுலயும் சேர்க்க முடியாது போலயே. நான் எங்கன போய்ப் பெறட்டும்? பஸ் ஸ்டாண்டுலயா?"

மதினி அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்கள். இரண்டு டப்பாவையும் விருதுநகர் டாக்டரம்மாவிடமே கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வளைகாப்பு பேசின நாளிலேயே நடந்தது. இப்போது முத்துமாரி எங்கள் வீட்டில் இருக்கிறாள். குடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொம்பும் சோப்பும் தனியாக இருக்கின்றன. அந்தச் சொம்புத் தண்ணீரைச் சமையலுக்குத் தொடக் கூடாது. தாளைப் பிரிக்க ஓர் ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் விரல் பாதி வழி நாக்குக்கு வந்துவிடுகிறது. "எம்மா!" என்று அவள் ஒரு சத்தம் போடுவாள். மத்தாப்பு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். போன வாரம் அதற்கு மறுபடி வயிற்றாலே போனது. வடிகஞ்சி மட்டும் வைத்தேன். கை இரண்டு தடவை அம்மன் படத்தடிக்குப் போய், வெறும் இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. மூன்றாம் நாள் தானாகவே நின்றது.

போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் நேர்த்தியைச் செலுத்தினோம். நான் சன்னதிக்கு எதிரே படுத்துக்கொண்டேன். மதினிதான் என் வயிற்றில் வாழையிலையைப் போட்டு, மாவிளக்கை வைத்துத் திரியை ஏற்றினார்கள். ஏற்றும் முன்னே ஆற்றோரக் குழாயில் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். நான் சொல்லவில்லை. நெய்ச் சூடு மெல்ல இலைக்குள் இறங்கியது. அதற்குக் கீழேதான் அந்தக் கிருமியும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேண்டிக்கொள்ள நிறைய வைத்திருந்தேன். எல்லாம் மறந்து இவ்வளவுதான் வந்தது:

'தாயே, உள்ளே இருப்பதை நீ பார்த்துக்கொள். கையை நான் கழுவிக்கொள்கிறேன்.'